வழிக்காவலுக்கு இரண்டு பேர்

"ஆளு வரலம்மா."

கிளைச்சிறையின் இரும்புக் கதவில் ஒரு முகம் தெரியும் அளவுக்குச் சின்னத் திறப்பு ஒன்று உண்டு. அதன் வழியாக முதல் வார்டர் முகம்மது சலீம் சொன்ன இந்தச் சொல்லைக் குழல்வாய்மொழி இதோடு மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

"மணி எட்டுதான ஆவுது, சார். ஒம்பதுக்கு வருவாங்களோ என்னமோ?"

"ஒம்பதுக்கும் வரமாட்டாங்க. விடிஞ்சதும் ஆயுதப்படை ஆபீசுக்குப் போன் அடிச்சிட்டேன். சீசன் பந்தோபஸ்துன்னுட்டாங்க. ஆளு பூராவும் குத்தாலத்துல நிக்காம்."

"அப்பம் எங்க வீட்டுக்காரர் கை?"

சலீம் தாடியைச் சொறிந்துகொண்டார். 

குழல்வாய்மொழியின் வீட்டுக்காரன் இசக்கிமணி குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவன். இருபது வருஷமாக மெயினருவிக்குப் பக்கத்துப் பாறைதான் அவனுக்கு ஆபீஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் தேய்க்க உட்காருகிறவர் மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றித் தேய்க்கிறவன் கையிலேயே கொடுத்துவிடுவார். அவனும் ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வான். குளித்து வந்ததும் திருப்பித் தருவான். ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒருவர் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளம் வருகிறதென்று சைரன் ஊதிவிட்டது. ஜனம் விழுந்தடித்து ஓடிய ஓட்டத்தில் பை எங்கே போனதென்று தெரியவில்லை. தொலைந்தது என்றான் இசக்கிமணி. திருடிவிட்டான் என்றது போலீஸ்.

மறுநாள் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்" என்றார்கள்.

"எண்ணெயும் தண்ணியும் பாசியுமாக் கெடக்க பாறையில இருபது வருசமா நிக்க மனுசன், உங்க காஞ்ச பாத்ரூம்ல போயா வழுக்கினாரு?" என்று அவள் கேட்டாள். 

கட்டைப் பிரித்தபோது கை அகப்பைக் காம்பு போல வளைந்திருந்தது. சட்ட உதவி மையத்து வக்கீல் ஷாரோன் மனுப் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினாள். ஒரு தடவை கொண்டுபோனார்கள். அன்றைக்கு அருவியில் தண்ணீர் குறைவு, அதனால் போலீசுக்கு ஆள் கிடைத்தது. படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டரம்மா, "கோணலாக் கூடியிருக்கு. ஒடச்சு நேராக்கித் தகடு வைக்கணும். நாள் தள்ளினா இந்தக் கை திரும்பாது" என்று சொல்லித் தேதி கொடுத்தார். முதல் தேதிக்கு, கைதியை வெளியே கொண்டுபோகிற வழிக்காவல் போலீஸ் வரவில்லை. இரண்டாம் தேதிக்கும் வரவில்லை. இன்றைக்கு மூன்றாவது. நாளையிலிருந்து டாக்டரம்மா இரண்டு மாதம் பயிற்சிக்குச் சென்னை போகிறார்.

கை திரும்பாத எண்ணெய்க்காரனை எவன் கூப்பிடுவான்?

"சாப்பிட்டாரா சார்?"

"எங்க? நேத்து சாயந்தரம் அஞ்சரைக்கு, செல்லுல போட்டுப் பூட்டுததுக்கு முன்னால சாப்பிட்டதுதான். ஆபரேசனுக்கு வெறும் வயிறு வேணும்லா, காலையில பொங்கலைத் தொடல. ரெண்டு தடவை பட்டினி கெடந்து ஏமாந்துட்ட, இன்னைக்காவது தின்னு தொலைடேன்னு ஏசுனேன். கேட்டாத்தான? 'அவ ஆளோட வருவா'ங்கான்."

 சலீம் திறப்புக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாத. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னாங்க. மெயினருவியில ஸ்டான்லி எஸ்.ஐ. கையில நாப்பது பேரு நிக்காங்களாம். அவர் ரெண்டு பேரை விட்டாருன்னா ஒடனே பாஸ்போர்ட் போட்டுத் தருவாங்களாம்."

"பாஸ்போர்ட்டா? எங்க போறதுக்கு?"

"துபாய்க்கு இல்லம்மா. போலீஸ்காரன் நிக்க எடத்த விட்டு வேற வேலைக்குப் போவணும்னா எழுதிக் குடுக்க சீட்டு. அதுக்கு அப்படி ஒரு பேரு. பதினொன்னரைக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும், பாத்துக்கோ."

அவள் அங்கேயே நின்று ஷாரோனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் கோர்ட்ல இருக்கேன், இன்னைக்கு மூணு கேஸ். உத்தரவு நகல் கையில இருக்குல்லா? அதக் கொண்டு காட்டுங்க. முடியாதுன்னாருன்னா சண்டை போடாதீங்க. அழாதீங்க. கால்ல கீல்ல விழுந்துராதீங்க."

"பொறவு என்னதான் செய்ய?"

"முடியாதுங்கத எழுதிக் கேளுங்க. வாயால சொன்னது காத்தோட போயிரும். எழுதிக் குடுத்தா அது ஜட்ஜ் மேசைக்கு வந்துரும். அதனால எழுத மாட்டாங்க."

"திருடன் பொண்டாட்டிக்கு வந்த வாயப் பாருன்னு சொல்லுவாங்களே தாயி."

"சொல்லட்டும். திருடினாரா இல்லையாங்கதக் கோர்ட்டு சொல்லும். கை அவரோட கைதான? அதுக்குத் தீர்ப்பு வரணும்னு இல்லையே."

குற்றாலம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆடி வெள்ளி. நல்ல சாரல். கடைக்காரர்கள் முகமெல்லாம் பூத்துக் கிடந்தது. துண்டும் சோப்புமாக இறங்கிய கூட்டத்துக்குள் உத்தரவு நகலைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவள் ஒருத்தி மட்டும் எதிர்நீச்சல் போட்டாள். மெயினருவிப் பக்கம் போய்ச் சேர மணி ஒன்பதரை.

இசக்கிமணியின் கூட்டாளி மாரி, ஒரு தடித்த முதுகில் எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் எழுந்தான்.

"மைனி, ஆளு வந்துச்சா?"

"ஆளக் கேட்டுத்தான் வந்திருக்கேன். எஸ்.ஐ. எங்க?"

"மைக்க வச்சுக் கத்திட்டு நிக்காருல்லா, அவருதான். பாத்துப் பேசுங்க மைனி. காலையிலேருந்து சூடா இருக்காரு."

எஸ்.ஐ. ஸ்டான்லி ஒரு கல்மேடையில் மைக்கோடு நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தம்பி, உள்ள போனவங்க வெளிய வாங்க. பச்சைத் துண்டு, உங்களத்தான். அருவிய வீட்டுக்குக் கொண்டு போவப் போறீங்களா?" மைக்கைக் கீழே இறக்கினார். "யாரும்மா நீ? லேடீஸ் லைன் அந்தப் பக்கம்."

"குளிக்க வரல ஐயா. கோர்ட்டு ஆர்டர் கொண்டாந்திருக்கேன்."

அவர் கவரோடு வாங்கி, கவரோடு படித்தார்.

"இது ஜெயிலுக்குப் போட்ட ஆர்டர். எனக்கு இல்ல."

"கடைசி வரியில போலீஸ் வழிக்காவல் குடுக்கணும்னு இருக்காம் ஐயா. வக்கீலம்மா சொன்னாங்க. உங்கட்ட நாப்பது பேரு..."

"எண்ணிப் பாத்தியா? பத்தாயிரம் சனம் நிக்குது இங்க. போன வாரம் ஒரு பய தலையில கல்லு விழுந்து மூணு தையல். ரெண்டு ஆளை உனக்கு அனுப்பிட்டு, அந்த நேரம் பாத்து ஒரு புள்ள வழுக்கி விழுந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவள் அருவியைத் திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். அப்பன் தோளில் குழந்தைகள் நடுங்கிக்கொண்டு நின்றன. அந்த மனிதர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. நியாயமில்லாத ஆளிடம் மோதிவிடலாம்.

"ரெண்டு பேருதான் ஐயா. ரெண்டு மூணு மணி நேரம். இன்னைக்கு விட்டா அந்தக் கை போச்சு."

"திருட்டுப் பயலுக்கு ஆஸ்பத்திரி ஒண்ணுதான் கொறச்சல். போம்மா, போ. நிக்காத."

ஜிவ்வென்று காது சூடானது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். இடுப்பிலிருந்து, வருகிற வழியில் அவள் துணி துவைக்கிற லாட்ஜில் கேட்டு வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள். சாரல் படாமல் முந்தானையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நீட்டினாள்.

"சரிங்கய்யா. கோர்ட்டு ஆர்டரப் பாத்தேன், ஆளு அனுப்ப முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நான் போயிருதேன்."

ஸ்டான்லி தாளையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எவ சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு எழுத வராது ஐயா. அதான் உங்கட்டக் கேக்கேன்."

"எழுதணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

"அப்பம் ஆளை விடுங்க."

"ஏட்டி, குளிக்க வந்த எடத்துல கூட்டங் கூட்டுதியா?"

கூட்டம் ஏற்கெனவே கூடியிருந்தது. மாரியும் இன்னும் ஐந்தாறு எண்ணெய்க்காரர்களும் பாறையை விட்டு இறங்கி வந்திருந்தார்கள். ஸ்டான்லி அவர்கள் பக்கம் விரலை நீட்டினார்.

"ஏலே, என்ன வேடிக்கை? போய் அவனவன் வேலையப் பாருங்க. இன்னைக்கு ஒரு பய இங்கன எண்ணெய்க் கிண்ணத்தோட நிக்க முடியாது, பாத்துக்கோ."

அவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். பிறகு இன்னும் ஒரு அடி. சீசன் இருந்தால்தான் அவர்களுக்குச் சோறு. மாரி மட்டும் போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் கையில் வழிந்த எண்ணெயைத் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டான். குழல்வாய்மொழி தனியாக நின்றாள்.  மணிக்கட்டில் வாட்ச் கிடையாது. ஆனால் நேரம் போவது அவளுக்குத் தெரிந்தது.

"கடைசியாச் சொல்லுதேன். போறியா இல்லையா?"

"எழுதிக் குடுங்க, போறேன்."

"ஏட்டு! இங்க வாரும். பந்தோபஸ்துக்கு எடைஞ்சல் பண்ணுதா. ஜீப்புல ஏத்தி ஸ்டேஷன்ல கொண்டு உக்கார வையும். லேடி பிசி ரெண்டு பேரக் கூப்பிடும்."

தலைமைக் காவலர் குற்றாலிங்கம், ஐம்பது தாண்டியவர், வயிறு முன்னால் வர அவர் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இளவட்டக் காவலர். அந்தப் பக்கத்திலிருந்து பெண் காவலர்கள் இரண்டு பேர். நாலு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

அவள் ஓடவில்லை. ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." ஸ்டான்லியைப் பார்த்தாள். "என்னையக் கொண்டுபோவ நாலு பேரு இருக்காங்களே ஐயா. நான் எங்கயும் ஓடமாட்டேன். இந்தா, இந்தத் தூணுல கட்டிப் போட்டுட்டு, இதுல ரெண்டு பேர ஜெயிலுக்கு அனுப்புங்க. மிச்சம் ரெண்டு பேரு புள்ளைகளப் பாத்துக்கிடட்டும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இடுப்புத் துண்டோடு நின்ற ஒரு கோயம்புத்தூர்க்காரர், "ஏனுங்க சார், கோர்ட் ஆர்டர்னு சொல்றாங்கல்லோ? அந்தம்மா கேக்கறதுல என்னங்க தப்பு?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் செல்போனை மேலே தூக்கிப் பிடித்தான்.

ஸ்டான்லி போனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மைக் அணைக்கப்படாமல் கிடந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் எண்ணியது ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறது. பட்டென்று அணைத்தார். இளவட்டக் காவலரை விரலால் காட்டினார்.

"ஏட்டு. இந்தப் பயலக் கூட்டிட்டு நீரே போய்த் தொலையும். ஆபீஸ்ல சீட்டு வாங்கிக்கிடும். ஆபரேசனோ கீபரேசனோ, மூணு மணிக்கு இங்கன நிக்கணும். நான் கூப்பிட்டா அதுக்கு முன்னாலயும் வரணும்."

"சரிங்கய்யா."

"இவளையும் ஏத்திட்டுப் போரும். இங்கன நின்னா இன்னும் எண்ணுவா."

ஜீப் தென்காசி ரோட்டில் கார்களுக்கு நடுவே ஊர்ந்தது. எதிரே குற்றாலத்துக்கு வருகிற வண்டிகள் எறும்பு வரிசை. மணி பத்து பத்து. பின் சீட்டில் அவள் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தானே வண்டியை இழுப்பது போல.

முன்சீட்டிலிருந்த குற்றாலிங்கம் உத்தரவு நகலை வாங்கிப் பெயரைப் படித்தார்.

"இசக்கி கையாம்மா இது? எனக்குத் தெரியாது. போன வருசம் இந்தத் தோளு தூக்க முடியாமக் கெடந்தேன். தொப்பிய இன்னொருத்தன் மாட்டிவிடணும். பத்து நாளு உருவி உருவி அவன்தான் தூக்கிவிட்டான்."

"தெரியாதா அண்ணாச்சி? ஆறு வாரமா அவர் எடத்துல ஆளு இல்லையே. எங்கன்னு கேக்கத் தோணலையா?"

குற்றாலிங்கம் திரும்பவில்லை.

"தோணிச்சு" என்றார். "போலீஸ்காரன் கேட்டா விசாரிக்க மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டிய."

இளவட்டக் காவலர் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஆயுதப்படை ஆபீசில் சீட்டு எழுதுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்தவர் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி கிடைத்ததும் முத்திரையைத் தேடினார். இருபது நிமிஷம் அங்கேயே போயிற்று. சிறைக் கதவுக்கு வந்தபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

சலீம் கதவைத் திறந்தபடியே, "வந்துட்டியா தாயி!" என்றார். உள்ளே பார்த்து, "ஏடே இசக்கி, கெளம்பு. வந்துட்டா" என்று கத்தினார்.

இசக்கிமணி வந்தான். இளைத்திருந்தான். வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தான், ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவருவது போல. அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"பசி கண்ணக் கட்டுது ஏளா."

"தண்ணி குடிச்சீங்களா?"

"கொப்புளிச்சுத் துப்பிட்டேன்."

இளவட்டக் காவலர் விலங்கை எடுத்தார். சலீம் குறுக்கே வந்தார்.

"அது எதுக்கு? கோர்ட்டு அனுமதி இருக்கா?"

"ஓடிட்டான்னா என் வேலை போயிரும் சார். நீங்களா தருவீங்க?"

"ஒரு நாளு பூரா பச்சத்தண்ணி குடிக்காதவன் எங்கடே ஓடுவான்? அனுமதி இல்லாம மாட்டினேன்னா நான் வாசல் நோட்டுல எழுதுவேன். கைவிலங்கோட போனான்னு. உன் பேரையும் எழுதுவேன்."

"மாட்டாத" என்றார் குற்றாலிங்கம். "விரலக் கோத்துப் பிடிச்சுக்கோ. இடது கை."

காவலர் தன் விரல்களை இசக்கிமணியின் இடது கை விரல்களுக்குள் கோர்த்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது போல இரண்டு பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி மாடியில் ஆபரேஷன் அறை வாசல். மணி பதினொன்று இருபத்தைந்து. நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாடா! இன்னைக்கும் வரமாட்டீங்கன்னே நெனச்சேன். உக்காருங்க. உள்ள ஒரு தொடை எலும்பு ஓடிட்டு இருக்கு. முடிஞ்சதும் நீங்கதான்" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காவலர், இசக்கிமணி, குழல்வாய்மொழி, ஒரு வரிசையாக. குற்றாலிங்கம் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.  அவள் விளக்கையே பார்த்தாள். அது அணையவில்லை. பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பது. ஒரு தொடை எலும்புக்கு இவ்வளவு நேரமா?

குற்றாலிங்கத்தின் போன் அலறியது.

"ஐயா."

ஸ்டான்லியின் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "எங்கவே இருக்கீரு? சென்னையிலருந்து பெரிய அதிகாரி குடும்பம் அரை மணியில குளிக்க வருது. பாதை ஒதுக்கணும், ஆளு பத்தாது. அந்தப் பயல ஜெயில்ல தள்ளிட்டு ஒடனே வாரும்."

"ஐயா, இங்க இன்னும்..."

"இன்னொரு நாளு பாத்துக்கிடலாம். கை எங்க ஓடிப்போவப் போவுது? வாரும்வே!"

இளவட்டக் காவலர் எழுந்துவிட்டார். கோர்த்த விரலோடு இசக்கிமணியின் கையும் மேலே போனது. இசக்கிமணியும் எழுந்தான். ஆறு வாரத்தில் அப்படிப் பழகிவிட்டான், எவன் எழுந்தாலும் எழுந்துவிடுகிறான். குழல்வாய்மொழி அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"உக்காருங்க."

"ஏளா, அவங்க கூப்பிடுதாங்க..."

"உக்காருங்கன்னு சொல்லுதேன்."

அவன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததால் காவலரும் உட்கார வேண்டியதாயிற்று. அவள் குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். கையில் தாள் இல்லை, பேனா இல்லை. இந்த மனிதரிடம் எழுதிக் கேட்க எதுவுமில்லை. கேட்கவேண்டியதை ஜீப்பிலேயே கேட்டுவிட்டாள். இனி அவர் சொல்வதுதான்.

குற்றாலிங்கம் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கிமணியைப் பார்த்தார். போனில், "வே, கேக்குதா? கெளம்பிட்டீரா?" என்றது குரல்.

"ஐயா, அவன உள்ள கொண்டு போயிட்டாங்க ஐயா" என்றார் குற்றாலிங்கம்.

இசக்கிமணி வாயைப் பிளந்தான்.

"உள்ளயா? அதுக்குள்ளயா?"

"ஆமா ஐயா. வந்ததும் கொண்டு போயிட்டாங்க. மயக்க ஊசி போட்டாச்சு. கையக் கீறியாச்சுன்னு நர்சம்மா சொல்லுதா. எலும்பு ஒடைக்க சத்தங்கூடக் கேட்டுச்சு ஐயா."

நர்ஸ் மேசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தச்சுக் கட்டிக் கூட்டிட்டு வாரும்."

"பாதியில தச்சு எப்படி ஐயா? தொறந்து கெடக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கோர்ட்டு ஆர்டர் கேஸ்ல்லா. நான்தான் கொண்டுபோனேன்னு சீட்டுல என் பேரும், விட்டது ஐயான்னு ஐயா பேரும் இருக்கு."

 அருவியின் இரைச்சல் மட்டும் போனுக்குள் கேட்டது. பிறகு டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

குற்றாலிங்கம் நெற்றியைத் துடைத்தார். முப்பது வருஷ சர்வீசில் மேலதிகாரியிடம் பொய் சொன்ன முகம் எப்படி இருக்குமென்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்திருக்கும். நேராக நர்ஸ் மேசைக்குப் போனார்.

"சிஸ்டரம்மா, நான் இப்பம் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எலும்பு ஒடைக்க சத்தம் எனக்குத்தான் கேக்கல."

"சீக்கிரமாக் கேக்க வைங்கம்மா. அவர் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுருவாரு."

நர்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.  இளவட்டக் காவலர், "ஏட்டையா, எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னை இழுக்காதீங்க" என்று முணுமுணுத்தார். "உனக்கு எப்பம்தான் என்ன தெரிஞ்சுது மூதி?" என்றார் குற்றாலிங்கம்.

விளக்கு அணைந்தது. ஒரு கிழவரைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே நர்ஸ்.

"இசக்கிமணி, வாங்க."

இசக்கிமணி எழுந்தான். காவலரும் எழுந்து கூடவே நடந்தார்.

"நீங்க எங்க?" என்றாள் நர்ஸ், வாசல் தரையில் போட்டிருந்த கோட்டைக் காட்டி. "கைய விடுங்க. இந்தக் கோட்டுக்கு அங்கிட்டுப் போலீஸ் வரக்கூடாது."

காவலர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையை ஆட்டினார். ஒவ்வொரு விரலாகக் கழன்றது. இசக்கிமணி கோட்டைத் தாண்டினான். தாண்டியவன் திரும்பி அவளிடம் என்னவோ சொல்ல வந்தான். "போங்க, போங்க, பேச்சு பொறவு" என்று அவள் விரட்டினாள். கதவு மூடியது. விளக்கு எரிந்தது.

அப்போது குற்றாலிங்கத்தின் போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்காமல் பெயரை மட்டும் பார்த்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"அவருதான்."

"எடுக்கலையா?"

குற்றாலிங்கம் மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இனி எடுக்கலாம்" என்று சொல்லிப் போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க ஐயா. ஆமா ஐயா, உள்ளதான் இருக்கான்."